விமானப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் எனக்கு நான்கைந்து தொலைபேசி அழைப்புகளாவது வந்துவிடும். பெருந்துறையிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ பேசுகிற சொந்தக்காரர், "ஏனுங் மாமா, பையனைப் பைலட்டுக்குச் சேர்த்தி உட்டரலாமுங்களா, எத்தன ஆகுமுங்க?" என்றுதான் தொடங்குவார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஹேங்கரில் விமானப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து, ஓய்வுபெற்று, இப்போது அன்னூரில் குடியிருப்பவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, கேட்கிற வரிசைதான் தவறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. பணம் என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி கண்.

கண்ணும் காதும் நெஞ்சும்

விமானி உரிமத்துக்கு இரண்டு நிலை மருத்துவச் சான்றுகள் தேவைப்படுகின்றன. பயிற்சியைத் தொடங்க இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., கையில் கிடைக்க வேண்டுமானால் முதல் வகுப்புச் சான்று வேண்டும். இரண்டாம் வகுப்புச் சோதனையை, டி.ஜி.சி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தன் இணையதளத்தில் பட்டியலிட்டிருக்கும் மருத்துவர்களிடம் மட்டுமே செய்துகொள்ள முடியும். முதல் முறையாக முதல் வகுப்புச் சோதனைக்குப் போகிறவர்கள் அதற்கென ஒப்புதல் பெற்ற மையத்துக்குச் செல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் பெங்களூரிலுள்ள வான்படையின் வான்மருத்துவ நிறுவனத்துக்குப் போய்வருகிறார்கள். இரவு ரயில் ஏறினால் விடியலில் இறங்கிவிடலாம்.

கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் தகுதி இழப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல மாணவர்கள் பலர் இந்தத் தவறான எண்ணத்தினாலேயே விலகிப்போகிறார்கள். கண்ணாடியோடு பார்வை முழுமையாகத் திருந்தினால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சிக்கல் நிறப்பார்வையில் இருக்கிறது. புள்ளிப் புள்ளியாக அச்சிட்ட வட்டத்துக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை ஒரு கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகும் செலவும் சில நூறு ரூபாய்தான். சிவப்பு, பச்சைக் குழப்பம் பெரும்பாலும் தாய்வழியே வருவது. தாயின் தந்தையான அப்பச்சிக்கு அது இருந்திருந்தால், மகளுக்குத் தெரியாமலேயே பேரனுக்கு இறங்கியிருக்கக்கூடும். வயலில் வேலை செய்த காலத்தில் பழுத்த மிளகாயும் காயும் அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை என்பதை வீட்டில் கேலியாகச் சொல்லிச் சிரித்திருப்பார்களே தவிர, யாரும் அதை ஒரு குறைபாடு என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

என் பெரியம்மா மகன் காங்கேயத்தில் இருக்கிறார். தன் பையனுக்காக, சேர்க்கை வாங்கித் தருவதாகச் சொன்ன ஓர் இடைத்தரகரிடம் மூன்று லட்சம் முன்பணம் கட்டினார். அதற்குப் பிறகுதான் மருத்துவச் சோதனைக்குப் போனார்கள். பையன் இரண்டாவது அட்டையிலேயே தடுமாறினான். முன்பணம் திரும்பி வரவில்லை. அதைவிட, அந்தப் பையன் ஓராண்டு காலம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஐந்து நிமிடச் சோதனையை முதலில் செய்திருந்தால் இரண்டுமே நேர்ந்திருக்காது. ஆகவே கண் மருத்துவர், பிறகு இரண்டாம் வகுப்பு, கூடுமானால் முதல் வகுப்பு, அதற்கு அப்புறம்தான் எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாயாவது கொடுப்பது என்ற வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்ற வேண்டாம். இதயத் துடிப்புப் பதிவு, செவித்திறன் சோதனை, இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே ஆகியவையும் உண்டு. அவற்றில் வருகிற சிறு குறைகள் பெரும்பாலும் மருத்துவத்தாலோ மறுபரிசீலனையாலோ தீரக்கூடியவை.

பெயர், முன்னெழுத்து, சான்றிதழ்

மருத்துவச் சோதனைக்கு நாள் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே அமைந்த தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னாலும், ஆதாரில் முன்னாலும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாகக் குடும்பப்பெயர் என்ற கட்டத்திலும் இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுத வேண்டுமானால் அதன் இணையதளத்தில் பதிந்து, கம்ப்யூட்டர் நம்பர் என்று வழங்கும் எண்ணைப் பெற வேண்டும். அதற்குப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவை என்று தேர்வு வாரியம் உறுதி செய்ததற்கான ஆதாரமும் கேட்கப்படும். எல்லா ஆவணங்களையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

பாடத்தைப் பொறுத்தவரை, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிகவியல் எடுத்துவிட்டுப் பிறகு ஆசைப்படுகிற பிள்ளைகள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுதித் தேறுவது நெடுநாளாக இருந்துவரும் வழி.

அரசுப் பள்ளி எங்கே இருக்கிறது

மத்திய அரசின் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்டிரிய உடான் அகாடமி, உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்குத் தென்கிழக்கே ஃபர்சத்கஞ்ச் என்ற ஊரில், தனக்கென ஓடுபாதையும் விடுதியும் கொண்டு, 1980-களின் நடுப்பகுதியிலிருந்து விமானிகளைப் பயிற்றுவித்து வருகிறது. அங்கே ஒற்றை எஞ்சின் கொண்ட டி.ஏ.40, இரட்டை எஞ்சின் கொண்ட டி.ஏ.42 போன்ற டைமண்ட் விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அண்மை ஆண்டுகளின் அறிவிக்கைகளின்படி வயது 17 முதல் 28 வரை இருக்கலாம்; உயரம் 158 செ.மீ.க்குக் குறையக்கூடாது; ஆங்கிலம், கணிதம், இயற்பியலில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும் மதிப்பெண் தேவை. பன்னிரண்டாம் வகுப்புத் தரத்தில் கணினிவழி நுழைவுத் தேர்வு, அதற்குப் பிறகு நேர்காணலும் விமானி உளத்திறன் சோதனையும் நடக்கும். பெங்களூரின் ஜக்கூரில் கர்நாடக அரசும், திருவனந்தபுரத்தில் கேரள அரசும் நடத்தும் பறப்புப் பள்ளிகளும் உண்டு. இவற்றைத் தவிர, இந்திய விமான நிலையங்கள் ஆணையம் 2022-ல் பறப்புப் பயிற்சிக்காகத் தேர்ந்தெடுத்த நிலையங்களின் வரிசையில் நம் சேலமும் இருந்தது. ஓமலூர் சாலையில் காமலாபுரத்தைக் கடக்கிறவர்கள் இனிச் சற்று அண்ணாந்து பார்க்கலாம்.

அரசுப் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். விமானம் போதாமல், தலைமைப் பயிற்றுநர் கிடைக்காமல், பறப்பு முடங்கிப்போன ஆண்டுகள் அரசுப் பள்ளிகளிலும் நிகழ்ந்திருக்கின்றன. எந்தப் பள்ளியிலும் கேட்க வேண்டியவை: இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன, பயிற்றுநர்கள் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர், கடைசியாக முடித்துப்போன மாணவர் அணி, உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரப் பறப்பை எத்தனை மாதத்தில் முடித்தது. நான்காவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் மற்ற மூன்றின் பதில்களையும் நம்ப வேண்டாம். டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபர் முதல் பறப்புப் பள்ளிகளை ஆண்டுக்கு இருமுறை தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

நுழைவுத் தேர்வுக்கு எங்கே பயிற்சி எடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு, பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள் என்றே சொல்வேன். ஓர் எடுத்துக்காட்டு. கோவை விமான நிலைய ஓடுபாதையின் இரு முனைகளிலும் 05, 23 என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழுமையாக்கிய எண்கள் அவை, ஆகவே 23 என்பது ஏறத்தாழ 230 பாகை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று எந்த அளவுக்கு அடிக்கும் என்பதைப் பொள்ளாச்சிக்காரருக்கும் உடுமலைக்காரருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று நேர் மேற்கே 270 பாகையிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வருகிறது என்று கொள்ளுங்கள். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 40 பாகை. சைன் 40-ஆல் பெருக்கினால் பக்கவாட்டில் தள்ளும் பகுதி சுமார் 13 நாட். கொசைன் 40-ஆல் பெருக்கினால் எதிரே வரும் பகுதி சுமார் 15 நாட். தரையிறங்கும்போது விமானி மனத்துக்குள் போடும் கணக்கு இதுதான். திசையன்களைப் பிரிப்பதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், அதைத் தன் தென்னந்தோப்பில் மட்டை விழும் திசையோடு சேர்த்துப் புரிந்துகொண்ட பிள்ளைக்கும் நேர்காணலில் வேறுபாடு தெரிந்துவிடும்.

இருநூறு மணி நேரம்

சி.பி.எல். பெறுவதற்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தலைமை விமானியாக, அதாவது பயிற்றுநர் துணையின்றித் தன் பொறுப்பிலேயே பறந்ததாக இருக்க வேண்டும். 300 கடல் மைல் தொலைவுக்குக் குறையாத ஒரு வழிப்பயணத்தில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று திரும்ப வேண்டும். இரவுப் பறப்பும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதும் தனித்தனியாகக் கணக்கில் வரும். இவற்றோடு வான்வழிச் செலுத்துகை, வானிலையியல், வான்சட்டங்கள், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளில் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆர்.டி.ஆர். எனப்படும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதற்கான வானொலி உரிமத் தேர்வு தனி. வானொலியில் பேசுவது ஆங்கிலத்தில்தான். இலக்கண சுத்தமான ஆங்கிலம் அங்கே வேண்டியதில்லை, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் கவனம் வேண்டும். நம் பிள்ளைகள் கூச்சத்தால் வாய்க்குள்ளேயே பேசுவார்கள். விடுதிக்குப் போவதற்கு முன்பே வீட்டில் நாளிதழை உரக்கப் படிக்கவைத்துப் பழக்கிவிடுங்கள்.

நாள் எப்படித் தொடங்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பது நல்லது. விடியலில் விமானத்தைச் சுற்றி நடந்து, இறக்கையின் விளிம்பைக் கையால் தடவி, டயரைப் பார்த்து, இறக்கைக்கு அடியில் குனிந்து எரிபொருள் தொட்டியின் அடி வால்வைச் சிறு கண்ணாடிக் குடுவையால் அழுத்தி ஓர் உள்ளங்கை அளவு எரிபொருளை வடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கான விமான எரிபொருள் இளநீலமாக இருக்கும்; தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் ஒரு முத்துப்போல உருண்டு நிற்கும். அந்த முத்து இல்லாமல் போகும்வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பறக்கும் ஆசையில் வருகிற பிள்ளைகள் இந்தக் குனிந்த வேலையை இரண்டாம் மாதத்தில் சலித்துக்கொண்டால், அந்தச் சலிப்பைப் பயிற்றுநர் குறித்துவைத்துக்கொள்வார்.

ஃபர்சத்கஞ்ச் இருக்கும் கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்து மணி, பதினொரு மணி வரை எந்த விமானமும் நகராது. சில நாள் முழுவதுமே போய்விடும். மே மாதத்து அனல் காற்று அதற்கு மறுகோடி. பவானி ஆற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டுமே புதிது. பயிற்சிக்கு இரண்டு ஆண்டு என்று மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாறமாட்டார்கள்.

இப்போது பணம்

மேற்சொன்ன மத்திய அரசுப் பள்ளியின் பயிற்சிக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 45 லட்சம் ரூபாய் அளவில் இருந்துவருகிறது, தவணைகளில் கட்டலாம். விடுதி, உணவு, சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். உரிமம் கிடைத்த பிறகு, பெரிய விமானங்களை ஓட்டத் தேவையான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு மேலும் பல லட்சம் ஆகும். அதை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்க்காதவர்கள்தான் பாதி வழியில் நின்றுபோகிறார்கள். வங்கிக் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பது வழக்கம். அப்படியானால் பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று என்று தோட்டம் மேசைக்கு வந்துவிடும். அரசின் வித்யா லட்சுமி இணையதளம் வழியாகக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். என் தனிப்பட்ட கருத்து, குடும்பத்தின் ஒரே பூமியை இதற்காக அடமானம் வைக்கக்கூடாது என்பது. உரிமம் வாங்கிய அன்றே வேலை கிடைப்பதில்லை. ஓராண்டு, இரண்டாண்டு காத்திருந்த பிள்ளைகளை நான் அறிவேன், அந்தக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வயது இருக்கும் பிள்ளை தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை எழுதிப் பார்க்கட்டும். வான்படை தன் விமானிகளுக்குத் தானே செலவு செய்து கற்றுக்கொடுக்கிறது. சூலூரிலிருந்து எழும்பிப் பல்லடத்துக்கு மேலே இடியோடு திரும்பும் தேஜஸ் விமானத்தை ஓட்டுகிறவர் அதற்காகத் தன் தந்தையின் தோட்டத்தை விற்கவில்லை.

பராமரிப்புப் பொறியாளர்

என் தொழிலைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை என்பதால் இதற்கு நானே கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திடாமல் எந்தப் பயணிகள் விமானமும் பழுதுநீக்கிய பிறகு தரையை விட்டுக் கிளம்ப முடியாது. பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறை வைத்திருக்கும் வீட்டில், மைக்ரோமீட்டரையும் லேத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது விமானி வேலையைவிடப் பொருந்திவரும் என்பது என் எண்ணம். செலவும் அதில் சிறு பங்குதான்.

இந்தப் படிப்பைப் பொறியியல் கல்லூரியின் வானூர்திப் பொறியியல் பட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டம் பெற்றவர் வடிவமைக்கலாம், ஆராயலாம். ஆனால் உரிமம் இல்லாமல் விமானத்தைப் பறக்க விடுவிக்கும் கையெழுத்தைப் போட முடியாது. டி.ஜி.சி.ஏ. விதிகளைச் சுருக்கமாகக் கார் (சி.ஏ.ஆர்.) என்பார்கள்; உரிமத்துக்கான விதி கார்-66, பள்ளிக்கான விதி கார்-147. அந்த உரிமத்தில் வகைகள் உண்டு. பி1.1 என்பது டர்பைன் எஞ்சின் கொண்ட விமானத்தின் உடலும் எஞ்சினும், பி2 என்பது மின்சாரமும் மின்னணுக் கருவிகளும், பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர். இந்த வகைகளில் எதற்கு அந்தப் பள்ளிக்கு ஒப்புதல் இருக்கிறது என்பதை டி.ஜி.சி.ஏ. வெளியிடும் பட்டியலில் நீங்களே பார்க்க வேண்டும், விளம்பரப் பலகையில் அல்ல. பி1.1, பி2 ஆகிய ஒவ்வொன்றுக்கும் 2400 மணி நேரப் பாடத்திட்டம். பாதிக்கு மேற்பட்ட நேரம் வகுப்பறையிலும், எஞ்சியது பணிமனையிலும் இயங்கும் விமானத்திலுமாகக் கழியும். அடிப்படை மின்சாரம் முதல் மனிதத் தவறுகள் வரை தனித்தனிப் பகுதிகளாக டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வில் ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வேண்டும். ஒப்புதல் பெற்ற பள்ளியில் முடித்தவர்களுக்கும் இந்த இரு வகைகளில் உரிமம் கிடைக்க, பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவை. ஆகவே பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி, படித்து முடித்தவர்களை அந்த இரண்டு ஆண்டுக்கு எந்த நிறுவனத்தில் சேர்த்துவிடுகிறீர்கள் என்பது. நிறம் பார்த்து மின்கம்பியைப் பிரிக்கிற வேலை என்பதால் இங்கும் நிறப்பார்வைச் சோதனை உண்டு.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு காட்சி. எஞ்சினில் போல்ட்டுகள் அதிர்வில் கழன்றுவிடாமலிருக்க, தலையில் துளையிட்ட இரண்டு போல்ட்டுகளை மெல்லிய கம்பியால் முறுக்கிப் பிணைப்போம். லாக்கிங் வயர் என்போம். அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு வர வேண்டும். ஒரு போல்ட் கழல நினைத்தால், கம்பி மற்றதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கம்பியே கழற்றிவிடும். புதிதாக வரும் பையன்களுக்கு விரல் நுனியில் இரத்தம் வராத வாரம் கிடையாது. எல்லாம் சரியாக முடித்த ஓர் இரவில், எங்கள் பிரிவில் எட்டில் மூன்று அங்குல சாக்கெட் ஒன்று கணக்கில் வரவில்லை. காலையில் கிளம்ப வேண்டிய விமானத்தின் மூடிகளை மறுபடியும் ஒவ்வொன்றாகத் திறந்து, நான்கு பேர் டார்ச் அடித்துத் தேடி, விடியும் நேரத்தில் எஞ்சின் உறையின் அடியில் எண்ணெய் படிந்து கிடந்ததை எடுத்தோம். யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த சாக்கெட் குறைகிறது என்று உரக்கச் சொன்னவன் பயிற்சிக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்த பையன்.

அது தெரிந்ததற்குக் காரணம் சுவரில் இருந்த கருவிப் பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சாக்கெட்டுக்கும் அதன் வடிவத்திலேயே நிழல் வரைந்திருப்பார்கள். எடுத்தவர் தன் எண் பொறித்த வில்லையை அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சேர்க்கைக்கு முன் பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையின் குளிர்சாதனத்தையும் சுவரிலுள்ள விமானப் படங்களையும் விட்டுவிட்டு, பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பலகையில் கருவிகள் இருக்கின்றனவா, தேய்ந்திருக்கின்றனவா, வெற்றிடங்களில் வில்லை தொங்குகிறதா என்று பாருங்கள். நிழல்கள் மட்டும் இருந்து, கருவியும் இல்லை வில்லையும் இல்லை என்றால் விண்ணப்பப் படிவம் வாங்காமல் ஊர் திரும்பிவிடுங்கள்.